ஈரச் சாக்கும் என் கடிதமும்

பழனியில் யாராவது என் தொழில் என்ன என்று கேட்டால், கார்பன் பிரஷ் செய்கிறேன் என்பேன். "கரியா? அடுப்புக்கா?" என்பார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அம்மாள் இன்னும் ஒரு படி மேலே போய், "பல்லு வெளக்குறதாம்மா?" என்று கேட்டார். "பல்லுக்கும் இல்ல, அடுப்புக்கும் இல்ல, மோட்டாருக்கு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினேன். அந்த அம்மாள் பாயசம் வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். கோபத்தில் எதையாவது பேசினாலும் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குள் சமாதானம் ஆகிவிடலாம் என்று ஒரு தைரியம். பேச்சுக்கு அது சரி. எழுத்துக்குச் சரிப்பட்டு வராது. கோபத்தில் நான் எழுதிய ஒரு பக்கக் கடிதம், மலையில் ஒரு மனிதரின் வேலையையும் அவர் குடியிருந்த வீட்டையும் கிட்டத்தட்டப் பறித்துவிட்டது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் விஷயம் விளங்கும். சில வகை மோட்டார்களுக்குள் ஒரு உலோக வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றுகிற வளையத்தில் வயரைக் கட்டி மின்சாரம் கொடுக்க முடியாது, முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். அதனால் ஒரு கார்பன் கட்டியை ஸ்பிரிங் வைத்து வளையத்தின் மேல் அழுத்தி வைப்பார்கள். வளையம் சுற்றும், கட்டி உரசிக்கொண்டே மின்சாரத்தைக் கொடுக்கும். உரச உரச, சிலேட்டுக் குச்சி மாதிரி கட்டிதான் தேயும், வளையம் தேயாது. அந்தக் கட்டிக்குத்தான் பிரஷ் என்று பெயர். தேய்வதற்கென்றே செய்கிற பொருள் அது. எவ்வளவு மெதுவாகத் தேய்கிறது என்பதில்தான் எங்கள் மானம் இருக்கிறது.

எங்கள் பட்டறை பழனியிலிருந்து கொடைக்கானல் போகும் சாலையில், மலை ஏறத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. என்னையும் சேர்த்து ஆறு பெண்கள். கார்பன் வெளியூரிலிருந்து செங்கல் செங்கலாக, கன்னங்கரேலென்று வந்து இறங்கும். இறங்கியதும் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்போம். நல்ல கட்டி 'ணங்' என்னும், உள்ளே விரிசல் இருந்தால் செத்த சத்தம் வரும். பிறகு அறுத்து, உரசி, ஓட்டை போட்டு, அதில் செம்புக் கம்பிப் பின்னலைச் சொருகி, செம்புப் பொடியைப் போட்டு இடித்து இறுக்குவோம். தூசியை உறிஞ்ச இயந்திரம் இருக்கிறது, முகமூடி இருக்கிறது. இருந்தாலும் சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் மை வரும். நகக்கண்ணில் ஏறிய கருப்பை மறைக்க எங்கள் பெண்கள் வருடம் முழுக்க மருதாணி வைத்துக்கொள்வார்கள்.

சாமிக்குப் பயப்படுகிறோமோ இல்லையோ, பட்டறையில் நாங்கள் தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் பயப்படுவோம். கார்பன் குடிக்கும். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு தொட்டால்கூட உறிஞ்சிக்கொள்ளும். ஊறிப்போன கட்டியில் கம்பி ஒழுங்காக நிற்காது. மோட்டாரில் போட்டால் பொறி பறக்கும். அதனால் அறுப்பது, உரசுவது எல்லாமே தண்ணீர் ஊற்றாமல், காய்ந்தபடிதான். ஐப்பசி மழையில் யாராவது ஈரக்குடையோடு உள்ளே வந்துவிட்டால், நான் ஆடித் தீர்த்துவிடுவேன். இருபது வருடம் இப்படி ஈரத்தை விரட்டியே பழகியவள் நான்.

மலை மேலே, கொடைக்கானலுக்குச் சற்று முன்னால், சிஸ்டர்கள் நடத்தும் ஒரு பள்ளியும் பெண்கள் விடுதியும் இருக்கின்றன. பெயர் வேண்டாம். கீழ்த்தொட்டியிலிருந்து மேட்டுத்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற அங்கே ஒரு பழைய மோட்டார் ஓடுகிறது. யானைக்குட்டி அளவு இருக்கும், இன்றைக்குப் புதிதாக அந்த மாதிரி யாரும் வாங்க மாட்டார்கள். அதுவரை வேறு எங்கோ வாங்கிக்கொண்டிருந்தவர்கள், அந்த டிசம்பரில்தான் அதற்கு முதல்முறையாக எங்களிடம் பிரஷ் வாங்கினார்கள். நூல் மில்களுக்கு நாங்கள் கொடுக்கிற அதே ரகத்தைத்தான் கொடுத்தேன். மில்லில் அது இரண்டு வருடம் தாராளமாக ஓடும்.

விடுதியின் எலக்ட்ரீஷியனுக்கு ஐம்பது வயது இருக்கும். பதினொரு வருடமாகத் தற்காலிக வேலை, அடுத்த மார்ச்சில் நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். வளாகத்துக்குள்ளேயே இரண்டு அறை வீடு. மகள் அதே பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு, ஊழியர் வீட்டுப் பிள்ளை என்று சலுகையில் படித்துக்கொண்டிருந்தாள். வேலை போனால் வீடும் போகும், பரீட்சைக்கு முன்னால் அந்தப் பிள்ளையின் படிப்பும் நடுத்தெருவில் நிற்கும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்கு அவர் போனில் வருகிற ஒரு குரல், அவ்வளவுதான்.

ஜனவரியில் ஒரு நாள் அந்தக் குரல் வந்தது.

"மேடம், பிரஷ்ஷு தேஞ்சுபோச்சுங்க."

"போட்டு எத்தன நாளாச்சு?"

"மூணு வாரங்க."

"மூணு வருஷமா, மூணு வாரமா? ஒழுங்காச் சொல்லுங்க."

"வாரந்தாங்க மேடம். பாதி போயிருச்சு. ரூமெல்லாம் கருப்புப் பொடியாக் கெடக்கு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மோட்டாரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். பார்த்ததும் எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. மோட்டாரைச் சுற்றித் தரையில் நனைத்த கோணிச் சாக்குகள் விரித்திருந்தன. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் அன்னக்கூடையில் தண்ணீர். ஜன்னல் கம்பியில்கூட ஒரு ஈரச் சாக்கு தொங்கியது.

உடனே போன் போட்டேன். "என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க? மோட்டாரச் சுத்தி மீன் வளக்குறீங்களா?"

"இல்லங்க மேடம், சாக்கு போட்டப்பறந்தான் கொஞ்சம்..."

"போட்டப்பறந்தான் நாசமாப் போச்சு. ஏற்கெனவே மல, ஏற்கெனவே ஈரம். அதுல நீங்க வேற தண்ணி ஊத்துறீங்க. கார்பன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் வைத்துவிட்டேன்.

பட்டறையில் கம்பி சொருகும் அக்கா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. வந்தபிறகு சின்ன வயதில் இதே மலை மேல் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவர். "தங்கச்சி, மேல தை மாசம் ஈரமே இருக்காதே. மழை, மஞ்செல்லாம் கார்த்திகையோட போயிடும். பனி கொட்டுற காலத்துல ஒதடு வெடிச்சு ரத்தம் வரும். துணி காயப் போட்டா மொறமொறன்னு ஆயிடும்" என்றார். "ஒதட்டுக்கும் மோட்டாருக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்றேன். மலை என்றால் மேகம், மேகம் என்றால் ஈரம். கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு மலை எப்போதும் அப்படித்தான் தெரிகிறது.

பத்து நிமிடத்தில் கடிதம் தயார். பட்டறையின் பெயர் போட்ட தாளில், கம்ப்யூட்டரில் அடித்து, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, போட்டோ எடுத்து விடுதி நிர்வாகி சிஸ்டருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். எங்கள் பிரஷ்ஷில் எந்தக் குறையும் இல்லை, மோட்டார் அறையில் ஈரச் சாக்குகளையும் தண்ணீரையும் வைத்ததே பழுதுக்குக் காரணம், இது முழுக்க உங்கள் எலக்ட்ரீஷியனின் அறியாமையும் அலட்சியமும் என்று எழுதியிருந்தேன். அறியாமை என்ற சொல் வந்து விழுந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "நாளைக்கு அனுப்பலாமே தங்கச்சி" என்றார் அக்கா. நான் கேட்கவில்லை.

ஆறாம் நாள் சிஸ்டரே கூப்பிட்டார். நிதானமான, கண்டிப்பான குரல். "உங்க லெட்டர கமிட்டில படிச்சோம்மா. நீங்க எக்ஸ்பர்ட், நீங்க சொன்னா நாங்க கேக்கணும். இப்ப மோட்டார் சுத்தமா நின்னுருச்சு. பிள்ளைங்க கீழ்த்தொட்டிலருந்து பக்கெட்ல தண்ணி தூக்குறாங்க. அவர இந்த மாசத்தோட நிறுத்திடலாம்னு டிசைட் பண்ணிட்டோம். ஒண்ணாம் தேதி வேற ஆள் வர்றார். நீங்க புது செட் எடுத்துட்டு ஒருதரம் வந்து பாத்துட்டீங்கன்னா நல்லது."

என் சொல் எடுபட்டது என்று முதலில் சந்தோஷம்தான் வந்தது. இல்லை என்று சொன்னால் பொய். பிறகுதான் அவர் பேச்சிலிருந்து அந்த வீடும் மகளும் நிரந்தர வேலையும் எனக்குத் தெரிய வந்தன. வாய் கசந்தது. பேச்சை மாற்றுவதற்காக, "அந்தச் சாக்கெல்லாம் எப்ப எடுத்தாங்க சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"உங்க லெட்டர் வந்த அன்னைக்கே எடுத்துட்டார்."

மூன்று வாரத்தில் பாதி தேய்ந்த பிரஷ், சாக்கை எடுத்த ஆறே நாளில் மிச்சப் பாதியும் தேய்ந்திருக்கிறது. ஈரம்தான் காரணம் என்றால், ஈரத்தை எடுத்தபிறகு மெதுவாகத்தானே தேய வேண்டும்? இந்தக் கேள்வி காலில் தைத்த முள் மாதிரி நடக்கும்போதெல்லாம் குத்தியது. யாரிடமும் சொல்லவில்லை. புது செட் ஒன்றை எடுத்து வைத்தேன். அதே ரகம்தான், என்னிடம் வேறு இல்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். சவரிக்காடு தாண்டியதும் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டேன். வடகவுஞ்சிப் பக்கம் வரும்போது, நான் எதிர்பார்த்த மேகத்தைக் காணோம். வானம் துடைத்து வைத்த மாதிரி நீலமாக இருந்தது. நிழல் விழுந்த இடங்களில் புல் மேல் வெள்ளையாக உறைபனி. வெயில் பட்ட இடங்களில் மண் பொரிந்துபோய், முன்னால் போன ஜீப்பின் புழுதி ஜன்னல் வழியாக வந்து அடித்தது. இறங்குவதற்குள் நாக்கால் உதட்டை எத்தனை முறை நனைத்தேனோ தெரியாது. அக்கா சொன்னது அப்போது ஞாபகம் வந்தது, வந்ததும் எரிச்சலாக இருந்தது.

விடுதி வாசலில் எலக்ட்ரீஷியன் நின்றிருந்தார். ஒல்லி, நரைத்த மீசை, முழங்கையில் ஒட்டுப்போட்ட ஸ்வெட்டர். என் பையை வாங்கிக்கொண்டார்.

"வெள்ளனே கெளம்பியிருப்பீங்க. டீ சொல்லட்டுங்களா மேடம்?"

திட்டுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்துப் பதிலோடு வந்திருந்தேன். "மொதல்ல மோட்டாரப் பாப்போம்" என்றேன். மேட்டில் பிள்ளைகள் சீருடையோடு வரிசையாகப் பக்கெட் தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி இவரைப் பார்த்து நின்று, பக்கெட்டைக் கை மாற்றிக்கொண்டு போனாள். "எம் பொண்ணுங்க" என்றார்.

மோட்டார் அறை கல் கட்டடம், தகரக் கூரை. உள்ளே தரை முழுக்கக் கருப்புப் பொடி. விரலால் தொட்டேன். முகத்துக்குப் போடுகிற பவுடர் அளவுக்கு மெல்லிசு. என் பட்டறையில் அப்படிப் பொடி வந்து நான் பார்த்ததில்லை. வளையத்தில் சுற்றிலும் வரிவரியாகக் கீறல். பொறி பறந்து கருகிய அடையாளம் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. காய்ந்து தேய்ந்திருக்கிறது.

வெளிச்சத்துக்காகக் கதவை முழுதாகத் தள்ளித் திறந்தபோதுதான் அதைப் பார்த்தேன். கதவின் உட்பக்கம் பென்சிலால் போட்ட கோடுகள். பக்கத்தில் பக்கத்தில், நிற்கிற வாக்கில், இருபத்தைந்துக்கு மேல் இருக்கும். முதல் கோடு என் கட்டைவிரல் நீளம். போகப் போகக் குட்டையாகிக்கொண்டே வந்தது.

"இது என்ன?"

"அது சும்மா என் ஞாபகத்துக்குங்க. தெனம் காலைல பிரஷ்ஷக் கழட்டிக் கதவுல வச்சு ஒரு கோடு போட்டுக்குவேன். எவ்வளவு தேஞ்சிருக்குன்னு தெரியுமில்லீங்களா."

கோடுகளுக்கு மேலே சின்ன எழுத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். மஞ்சு. மஞ்சு. வெயில். உறைபனி. உறைபனி. மேகம் இறங்கி மஞ்சு மூடிய நாட்களில் கோடு அநேகமாக முந்தின நாள் உயரத்திலேயே நின்றது. உறைபனி நாட்களில் சரசரவென்று இறங்கியது. ஒரு இடத்தில் 'சாக்கு' என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு உறைபனி நாளிலும் கோடு மெதுவாகத்தான் இறங்கியது. கடைசி ஆறு கோடுகளுக்கு மேல் 'சாக்கு இல்லை'. படியிலிருந்து உருண்ட மாதிரி அவை கீழே போயிருந்தன.

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற கணக்கு அது. மனிதர் கதவிலேயே எழுதி வைத்திருக்கிறார். நான் போனில் அவரை ஒரு வாக்கியம்கூட முடிக்க விடவில்லை.

வெளியே வந்து, எங்களுக்குக் கார்பன் கட்டி அனுப்புகிற கம்பெனியின் இன்ஜினியரைப் போனில் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னேன். யாரோ கேட்ட கேள்வி மாதிரி சொன்னேன், அதுவும் ஒரு கள்ளத்தனம்தான். அவர் சாதாரணமாகச் சொன்னார். "கார்பன் வழுக்கிக்கிட்டு ஓடணும்னா காத்துல ஈரம் வேணுங்க. அந்த ஈரந்தான் வளையத்து மேல மெல்லிசா ஒரு படலத்த உண்டாக்கும். ஈரமே இல்லன்னா பிரஷ் பொடியாக் கொட்டும், வளையத்தையும் கீறும். பனிப் பிரதேசத்துக்கெல்லாம் வேற ரகம் இருக்கு. மில்லுக்குக் குடுக்குறத அங்க போடக் கூடாது. இப்போதைக்கு ரூம்ல தண்ணி வச்சு, சாக்கு நனைச்சுப் போட்டுச் சமாளிக்கச் சொல்லுங்க, வேற ரகம் அனுப்புறேன்."

நான் போனைக் கையில் வைத்தபடி அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மில்லில் நூல் அறாமல் இருக்க எப்போதும் காற்றில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். உள்ளே போனால் மூஞ்சியில் ஈரம் படியும். அந்த ஈரத்தில்தான் என் பிரஷ் இரண்டு வருடம் சொகுசாக வாழ்ந்திருக்கிறது. நான் அதை என் கைப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருபது வருடமாகக் கார்பனை அறுத்தவளுக்குத் தெரியாததை, என் பிரஷ்ஷைக் கையில் வாங்கிய மூன்றே வாரத்தில் ஒருவர் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். அதற்குத்தான் நான் அறியாமை என்று பெயர் வைத்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவர் டீயோடு வந்தார். நான் அண்ணே என்று கூப்பிட்டேன். "அண்ணே, சாக்குப் போட்டா நல்லாருக்குன்னு ஒங்களுக்கே தெரிஞ்சிருக்கு. கதவுல எழுதியே வச்சிருக்கீங்க. அப்புறம் ஏன் எடுத்தீங்க? சிஸ்டர் எடுக்கச் சொன்னாங்களா?"

அவர் டம்ளரை நீட்டினார். "ஆறிரும், குடிங்க. சிஸ்டர் வரச் சொன்னாங்க. வெரசாப் போயிருவோம்" என்றார்.

சிஸ்டரின் அறையில் உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சுற்றி வளைத்துப் பேசிவிடுவேன் என்று பயம். "சிஸ்டர், நான் எழுதுன லெட்டர் தப்பு. சாக்கு போட்டதாலதான் பிரஷ் அத்தன நாள் தாங்குச்சு. நான் குடுத்த ரகம் இந்தக் குளிருக்கு லாயக்கில்லாதது. எனக்கு அது தெரியல. இவர் மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற அவரைப் பார்த்தார்.

"இது உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும் சிஸ்டர்."

"அப்ப சாக்க ஏன் எடுத்தீங்க? நாங்க யாரும் எடுக்கச் சொல்லலையே. கமிட்டில உங்களக் கூப்பிட்டுக் கேட்டப்பகூட ஒண்ணும் சொல்லல."

அவர் தலையைச் சொறிந்தார். என் முகத்தைப் பார்க்காமல், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னார். "அவங்க கார்பன் செய்யுறவங்க சிஸ்டர். சீல் போட்டு எழுதிக் குடுத்திருக்காங்க. நான் ஐ.டி.ஐ. படிச்சவன். எனக்குத்தான் கணக்குத் தப்பா வந்திருக்கும்னு நெனச்சேன். எடுத்துட்டேன். எடுத்த மறுநாளே தேய ஆரம்பிச்சிருச்சு. அப்பவும், நான் ஏற்கெனவே ஈரமாக்கி வச்சதாலதான் இப்பிடி ஆகுதுன்னு நெனச்சேன்."

அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் என்னிடம் எத்தனையோ பேர் திருப்பிக் கத்தியிருக்கிறார்கள், கட்டியைத் தரையில் போட்டு உடைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அதெல்லாம் என்னை எதுவும் செய்ததில்லை. இந்த மனிதர் தன் கையால் போட்ட கோடுகளைத் தன் கண்ணால் பார்த்துக்கொண்டே, நான் எழுதியதை நம்பியிருக்கிறார். ஆறு நாளும் காலையில் கதவில் கோடு போட்டு, அது இறங்க இறங்க, தப்பு தன்னுடையது என்றே நம்பியிருக்கிறார். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்யவும் தயாராக இருந்திருக்கிறார்.

சிஸ்டர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். "சொன்னத எழுதிக் குடுத்துருங்க. கமிட்டி எழுத்தப் பாத்துத்தான் முடிவெடுத்துச்சு. எழுத்தாலதான் மாத்தணும்."

நின்றபடியே எழுதினேன். எழுத்து கோணல்மாணலாக வந்தது. அறியாமை என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சிஸ்டர் படித்துவிட்டு, "இத எல்லார் முன்னாலயும் படிப்போம். எங்க மத்த ஸ்கூல்ஸுக்கும் விஷயம் போகும். உங்க பிசினஸுக்கு நல்லதில்ல" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, எச்சரிக்கையாகத்தான் சொன்னார்.

"படிங்க சிஸ்டர்" என்றேன்.

அப்போது அவர் குறுக்கே வந்தார். "சிஸ்டர், அவங்க மேலயும் தப்பில்லீங்க. கீழ அவங்க ஊர்ல அது சரிதான. மேல வந்து பாத்தாத்தான் தெரியும்."

"அண்ணே, நீங்க சும்மா இருங்க" என்றேன். அந்த நிலைமையிலும் எனக்கு அதட்டத்தான் வந்தது. சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை எடுத்து, ஒண்ணாம் தேதி வரவேண்டிய புது ஆளை வரவேண்டாம் என்று எங்கள் கண் முன்னாலேயே சொன்னார். மார்ச் விஷயத்தைக் கமிட்டிதான் சொல்ல வேண்டும் என்றார். மார்ச்சில் நிரந்தரம் ஆனது. மகள்தான் போன் செய்து சொன்னாள், பரீட்சை எழுதிவிட்டு வந்த கையோடு.

ஆனால் அன்று மதியம் அதெல்லாம் இன்னும் தெரியாது. மேட்டுத்தொட்டி காலியாகக் கிடந்தது, பிள்ளைகள் பக்கெட் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் மோட்டார் அறைக்குப் போனோம். அவர் வளையத்தின் கீறல்களைக் கல்லால் தேய்த்து மழுக்கினார். வளையத்தின் வளைவுக்குப் பிரஷ்ஷின் முகம் சரியாகப் பொருந்த வேண்டும், அதற்கு உப்புத்தாளை வளையத்தின் மேல் சுற்றி, அதில் பிரஷ்ஷை முன்னும் பின்னும் இழுத்துத் தேய்க்க வேண்டும். அதை நான் செய்தேன். புது ரகம் வரும்வரை இந்த செட்டை எப்படியாவது காப்பாற்றியாக வேண்டும்.

மூலையில் மடித்து வைத்திருந்த சாக்குகளை எடுத்துக்கொண்டு நான் தொட்டிக்குப் போனேன். "நீங்க விடுங்க மேடம், தண்ணி வெட்டும்" என்று பின்னாலேயே வந்தார். விடவில்லை. கையை விட்டதும் எலும்பு வரைக்கும் குளிர் ஏறியது. நனைத்து, பிழிந்து, கொண்டுவந்து மோட்டாரைச் சுற்றி விரித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மோட்டார் பக்கத்தில் என் கையால் ஈரத்தைக் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் மோட்டாரை ஓடவிட்டார். சத்தம் சீராக வந்தது. குழாயில் தண்ணீர் ஏறும் சத்தமும் கேட்டது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அவர் என் பக்கம் திரும்பி, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மேடம், இவ்வளவு ஈரம் போதுங்களா?"

"எனக்குத் தெரியாதுண்ணே" என்றேன். "நீங்க சொல்லுங்க."

அவர் குனிந்து ஒரு சாக்கைத் தொட்டுப் பார்த்தார், காற்று உள்ளே போகும் பக்கமாக அதை இழுத்துப் போட்டார், கொஞ்சம் யோசித்தார். "இன்னொண்ணு வேணும்" என்றார். நான் இன்னொரு சாக்கை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனேன்.